சிவப்புத் தலை விதை எறும்பு: மெஸ்ஸோர் இனங்களை அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு ஸ்பெயினில் பெரிய எறும்புகள் வரிசையாகப் புல் விதை தூக்கிக்கொண்டு போகின்றன. சிலவற்றுக்கு மட்டும் தலை சிவப்பாக, உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கிறது. என்ன எறும்பு இது?

பெரும்பாலும் மெஸ்ஸோர் பார்பாரஸ், விதை சேர்க்கும் மெஸ்ஸோர் என்ற பேரினத்தில் ஒரு சிற்றினம். ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸின் தெற்குக் கரை, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகிய இடங்களில் வெயில் படுகிற காய்ந்த நிலம் எங்கே கிடைத்தாலும் இது இருக்கும். வயல் வரப்பு, ஆலிவ் தோப்பு, பூங்கா, காலி மனை, நகரத்து நடைபாதைக் கல் இடுக்கு என்று எதையும் விடுவதில்லை. விதை தூக்குகிறது, பாதை போட்டு நடக்கிறது, பெரிய எறும்புகளுக்குச் சிவந்த தலை, உடம்பு பளபளவென்று கருப்பு. இந்த நான்கும் சேர்ந்து இருந்து, இடமும் ஸ்பெயின் என்றால் தயங்காமல் அந்தப் பெயரைச் சொல்லலாம். அதே படத்தை ஒருவர் கிரேக்கத்திலிருந்து காட்டினால் நான் சொல்ல மாட்டேன். இந்த எறும்புகள் விஷயத்தில் எங்கே பார்த்தீர்கள் என்பதுதான் பாதி விடை.

சிவப்புத் தலை, கருப்பு உடம்பு என்றாலே பார்பாரஸ்தானே?

இல்லை. இந்த ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். மத்தியதரைக் கடல் நாடுகளில் சிவப்புத் தலை என்பது ஒரு சீருடை மாதிரி, ஒன்றுக்கொன்று நெருங்கிய சம்பந்தமில்லாத எறும்புகள்கூட அதைப் போட்டுக்கொண்டு திரிகின்றன.

அதிகம் ஏமாற்றுவது கிரெமட்டோகாஸ்டர் ஸ்குட்டெல்லாரிஸ். அங்கே மிகச் சாதாரணமான எறும்பு இது. மரப்பொந்து, தக்கை மரப் பட்டை, பழைய வீட்டுக் கதவு நிலை, இவைதான் அதன் இருப்பிடம். தலை நல்ல சிவப்பு, மற்றதெல்லாம் கருப்பு. ஆனால் 3.5 முதல் 5 மி.மீ. வரைதான் இருக்கும், எல்லா எறும்பும் ஏறக்குறைய ஒரே அளவு. வயிற்றை மேலிருந்து பார்த்தால் பின்பக்கம் கூராக, இதய வடிவில் தெரியும். சீண்டினால் அந்த வயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டும். மெஸ்ஸோர் அப்படிச் செய்யவே செய்யாது. லென்ஸ் எதுவும் வேண்டாம், ஒரு குச்சி போதும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கேம்போனோட்டஸ் லேட்டரலிஸ் என்று ஒரு எறும்பு, இந்தக் கிரெமட்டோகாஸ்டரைப் போலவே நிறம் கொண்டது, அதன் வாசனைப் பாதையிலேயே கலந்து நடந்துபோய் அது கண்டுபிடித்த உணவில் பங்கு போடும். ஒரே வரிசையில் இரண்டு பேரினங்கள் நடக்கும், பார்ப்பவருக்கு ஒரே எறும்பு! பக்கவாட்டில் பார்த்தால்தான் பிரிக்கலாம்: மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடுப்பில் கேம்போனோட்டஸுக்கு ஒரு கணுதான், கிரெமட்டோகாஸ்டருக்கு இரண்டு.

அப்படியானால் மெஸ்ஸோர் என்ற பேரினத்தை எப்படி உறுதி செய்வது?

முதலில் இடுப்பைப் பாருங்கள். இரண்டு கணு இருக்க வேண்டும். ஒன்றுதான் என்றால் மெஸ்ஸோர் பேச்சே வேண்டாம், கேம்போனோட்டஸையோ பார்மிகாவையோ தேடுங்கள். ஸ்பெயினில் வயிற்றின் முன்பகுதி சிவந்த, பெரிய கேம்போனோட்டஸ் குருவென்டேட்டஸை மெஸ்ஸோர் என்று நினைப்பவர்கள் நிறைய, இந்த ஒரு சோதனையில் அது விழுந்துவிடும்.

இரண்டு கணு இருந்தால் அடுத்து தலை. பெரிய எறும்புகளில் தலை ஏறக்குறைய சதுரமாக, அகலமாக இருக்கும், தாடை தடிமனாக, உள்பக்கம் வளைந்து, விதையை உடைப்பதற்கென்றே செய்த மாதிரி. உணர்கொம்பில் 12 பகுதிகள், நுனிப் பகுதிகள் திடீரென்று பருத்துக் குமிழாகாமல் மெல்ல மெல்லத் தடிக்கும். பத்து மடங்கு கைலென்ஸ் இருந்தால் இதெல்லாம் தெரியும்.

இந்த இடத்தில் இரண்டு எறும்புகள் குறுக்கே வரும். ஒன்று பீடோல் பல்லிடுலா. அதிலும் பெரிய தலைக்காரர்கள் உண்டு, ஆனால் அங்கே சின்னது, பெரியது என்று இரண்டே வகை, நடுவில் எதுவும் கிடையாது, ஆளும் மிகச் சிறியது, மஞ்சள் கலந்த பழுப்பு. மற்றொன்று அஃபினோகாஸ்டர். இது மெஸ்ஸோருக்கு நிஜமாகவே நெருங்கிய சொந்தம், அதனால்தான் சிரமம். ஒல்லி உடம்பு, நீண்ட கால், குறுகலான தலை, புற்றில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் அது அஃபினோகாஸ்டர். ஒற்றை எறும்பின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலும் சின்ன வேலைக்கார எறும்பின் படம் என்றால், அனுபவசாலிகளே இங்கே சறுக்குவார்கள்.

ஒரே வரிசையில் 4 மி.மீ. எறும்பும் இருக்கிறது, 12 மி.மீ. எறும்பும் இருக்கிறது. இரண்டு இனம் சேர்ந்து வாழ்கிறதா?

ஒரே இனம், ஒரே தாயின் பிள்ளைகள். மெஸ்ஸோரில் அளவு படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். எடையைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் அதிகம், பார்பாரஸில் மிகச் சின்ன வேலைக்கார எறும்புக்கும் மிகப் பெரியதற்கும் இருபது மடங்குக்கு மேலேயே போகும். பெரிய தலை எறும்புகளை எறும்பு வளர்ப்பவர்கள் மேஜர் என்பார்கள். சிப்பாய் என்று சொல்வது அவ்வளவு சரியில்லை, ஏனென்றால் அவற்றின் முக்கிய வேலை கடினமான விதையை உடைப்பதும் பெரிய சுமையைத் தூக்குவதும்தான்.

அடையாளம் காண்பதற்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பார்பாரஸின் சிவப்பு மேஜர்களிடமும் நடுத்தர அளவு எறும்புகளிடமும்தான் தெரியும், சின்னவை முழுக் கருப்பு. அதனால் சின்ன எறும்பைப் படம் எடுத்துவிட்டு "இதற்குச் சிவப்பு இல்லையே, வேறு இனமா?" என்று கேட்பதில் பயனில்லை. மேஜரிலும் சிவப்பின் அளவு புற்றுக்குப் புற்று மாறும், சில புற்றுகளில் தலை முழுக்க ரத்தச் சிவப்பு, சிலவற்றில் கரும்பழுப்பில் லேசான சாயல் மட்டும். அப்புறம், கூட்டுப்புழு நிலையிலிருந்து புதிதாக வெளிவந்த எறும்புகள் கொஞ்ச நாள் வெளிர் பழுப்பாக இருக்கும், அவற்றின் நிறத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

சரி, மெஸ்ஸோர்தான் என்று தெரிந்துவிட்டது. சிற்றினம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் விஷயம் கடினமாகிறது. உலகத்தில் மெஸ்ஸோர் சிற்றினங்கள் நூற்றுக்கும் மேல், மத்தியதரைக் கடலைச் சுற்றித்தான் பெரும் கூட்டம். எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது, அடிக்கடி கண்ணில் படுகிறவற்றைச் சொல்கிறேன்.

மேற்கில், அதாவது ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், வட ஆப்பிரிக்காவில், பார்பாரஸுக்கு முதல் போட்டி கேபிடேட்டஸ். அதே உருவம், அதே பளபளப்பு, அதே அளவு மேஜர்கள், ஆனால் தலை உட்பட முழுக் கருப்பு. இரண்டு மூன்று பெரிய மேஜர்களையாவது நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். நிழலில் போனில் எடுத்த படத்தில் பார்பாரஸும் கருப்பாகத்தான் தெரியும். கேபிடேட்டஸ் இத்தாலியிலும் சாதாரணம். ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் இன்னொன்று, பூவியேரி, கருப்புதான், ஆனால் ஆள் சிறியது, தலைக்கு அடியில் வளைந்த நீண்ட முடிகள் தாடி மாதிரி தெளிவாக இருக்கும். மணலையும் தூசியையும் அள்ளிக்கொண்டு போக உதவுகிற முடிகள் இவை. காய்ந்த, மணற்பாங்கான இடத்து மெஸ்ஸோர்களில் நன்றாக வளர்ந்திருக்கும், பார்பாரஸில் அவ்வளவாக இராது.

ஸ்ட்ரக்டர் கூட்டம், அதாவது ஒன்றையொன்று ஒத்த சில சிற்றினங்கள், தனி. இவை பளபளக்காது, மங்கல் பழுப்பு முதல் கரும்பழுப்பு வரை. தலையில் நெருக்கமான நீளக் கோடுகள், உடம்பெங்கும் முடி. பார்பாரஸின் தலை வழவழ, ஸ்ட்ரக்டரின் தலை வரிவரி. லென்ஸில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. ஆனால் "ஸ்ட்ரக்டர்" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, அது கீழே.

இத்தாலிக்கும் அதற்குக் கிழக்கேயும் போனால் சிவப்புத் தலைக்குப் பார்பாரஸ் என்ற விடை செல்லாது. அங்கே வாஸ்மன்னி, மினோர் என்று சிவப்புச் சாயல் கொண்ட வேறு மெஸ்ஸோர்கள் உண்டு. வாஸ்மன்னி இத்தாலியிலும் பால்கன் பக்கமும், மினோர் சிசிலி, சார்டினியா, கோர்சிகா பக்கமும். இஸ்ரேல், லெபனான் போனால் செமிரூஃபஸ் கூட்டமும் கருப்பான எபெனினஸும். பாலைவன ஓரத்தில் மணல் நிறைந்த இடத்தில் மிகப் பெரிய மெஸ்ஸோர் என்றால் அரினாரியஸ். கிழக்கு மத்தியதரைக் கடலின் சிவப்பு மெஸ்ஸோர்களைப் படத்தைப் பார்த்துச் சிற்றினம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, அங்கே மேஜர்களின் மாதிரியும் நுண்ணோக்கியும் வேண்டும்.

புற்றைப் பார்த்தே ஏதாவது சொல்ல முடியுமா?

மெஸ்ஸோரா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சொல்லலாம். வாசலைச் சுற்றி உமியும் தோலும் உடைந்த விதைக்கூடும் வட்டமாகக் குவிந்து கிடக்கும், உள்ளே உரித்துவிட்டு வேண்டாததை வெளியே கொண்டுவந்து கொட்டியது. அந்தக் குப்பையிலிருந்தே சில சமயம் செடி முளைத்து நிற்கும். வாசலிலிருந்து தேய்ந்த பாதைகள் பிரிந்து போகும், பார்பாரஸின் பாதைகள் இருபது முப்பது மீட்டர்கூட நீளும். தினமும் நடந்து புல்லைக் கத்தரித்துச் சுத்தமாக வைத்திருப்பதால் ஒரு ஒற்றையடிப் பாதையாகவே தெரியும். சிற்றினத்தைப் புற்றை வைத்துச் சொல்ல முடியாது.

இறக்கை உள்ள பெரிய எறும்பு ஒன்று கிடைத்தது, ராணி போல. இதை வைத்து?

தேதியை எழுதி வைத்தீர்களா? அது உருவத்தைவிட அதிகம் சொல்லும். பார்பாரஸும் கேபிடேட்டஸும் கோடை முடிந்து முதல் நல்ல மழை பெய்ததும், செப்டம்பர் அக்டோபரில், பறக்கும். ஸ்ட்ரக்டர் கூட்டத்தின் பறப்பு வசந்தத்தில், ஏப்ரல் மே பக்கம். அக்டோபரில் வலென்சியாவில் மழைக்கு மறுநாள் நடைபாதையில் இறக்கையை உதிர்த்துவிட்டு மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும், ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள தடித்த கருப்பு ராணி என்றால், தலையில் கொஞ்சம் சிவப்பும் தெரிந்தால், அநேகமாகப் பார்பாரஸ். அது தனியாகக் குழி தோண்டி, வாசலை அடைத்துக்கொண்டு, முதல் பிள்ளைகள் வளரும்வரை சாப்பிடாமலே இருக்கும். ஸ்ட்ரக்டர் கூட்டத்தில் பல ராணிகள் சேர்ந்து புற்று தொடங்குவதும் உண்டு, அதனால் ஒரே குழியில் இரண்டு மூன்று ராணி இருந்தால் அதுவும் ஒரு தடயம்.

ஸ்பெயின் கிராமங்களில் இந்த இலையுதிர்கால ராணிகளைப் பறவைப் பொறிக்கு இரையாகச் சேகரிக்கிற பழக்கம் இருந்தது. மழை பெய்தவுடன் எந்த வரப்பில் எறும்பு பறக்கும் என்று அந்தப் பெரியவர்களுக்கு அத்துப்படி.

வகைப்பாட்டில் இது எங்கே வருகிறது? பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் லின்னேயஸ், 1767 என்று போடுகிறார்களே, அது ஏன்?

எறும்புக் குடும்பம் பார்மிசிடே, துணைக்குடும்பம் மிர்மிசினே, அதற்குள் ஸ்டெனாம்மினி என்ற கூட்டம், அதற்குள் மெஸ்ஸோர் பேரினம். 2015 வரை பீடோலினி என்ற கூட்டத்தில் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு மிர்மிசினே முழுவதையும் மரபணுவை வைத்து மறுபடி அடுக்கியபோது இடம் மாறியது. அதே வேலையில், அமெரிக்காவில் மெஸ்ஸோர் என்று அழைத்துவந்த விதை எறும்புகள் நெருங்கிய சொந்தமில்லை என்று தெரிந்து வெரோமெஸ்ஸோர் என்று பிரித்துவிட்டார்கள். எனவே பழைய புத்தகத்தில் "கலிஃபோர்னியாவின் மெஸ்ஸோர்" என்று படித்தால் குழம்ப வேண்டாம்.

அடைப்புக்குறி விஷயம் எளிது. 1767-இல் லின்னேயஸ் இதை விவரித்தபோது எல்லா எறும்பும் பார்மிகா என்ற ஒரே பேரினத்தில் இருந்தது. பார்மிகா பார்பாரா என்று பெயர் வைத்தார், அப்போது பார்பரி என்று அழைக்கப்பட்ட வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த மாதிரி என்பதால். பிறகு அது அட்டா ஆனது, அஃபினோகாஸ்டர் ஆனது, 1890-இல் எறும்பு ஆய்வாளர் ஃபோரெல் மெஸ்ஸோரை உருவாக்கிய பிறகு அங்கே வந்து சேர்ந்தது. முதலில் வைத்த பேரினத்திலிருந்து மாறிவிட்டது என்பதற்கான குறிதான் அந்த அடைப்பு. ஸ்ட்ரக்டரும் கேபிடேட்டஸும் பூச்சி ஆய்வாளர் லத்ரேல் 1798-இல் பெயர் வைத்தவை, அவற்றுக்கும் அடைப்பு உண்டு.

பெயர்கள் இவ்வளவு சிக்கலாகக் கிடப்பதற்கு ஒரு காரணம் பழைய ஆட்கள் கொஞ்சம் நிறம் மாறினாலும், இரண்டு முடி கூடினாலும் ஒரு புதிய வகை என்று பெயர் வைத்ததுதான். துனிசியாவின் கைரவான் நகரில் மருத்துவராக இருந்த ஃபெலிக்ஸ் சான்ச்சி இதில் மன்னர், எறும்புகளுக்கு அவர் வைத்த பெயர்கள் எக்கச்சக்கம். குறையாகச் சொல்லவில்லை, எறும்பு சூரியனைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறது என்பதை 1911-இல் ஒரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டி நிரூபித்தவரும் அவரே. அந்தச் சோதனையில் அவர் பயன்படுத்திய எறும்புகளில் நம் பார்பாரஸும் ஒன்று.

எறும்பு தானியம் சேர்க்கும் என்பதையே ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நம்பவில்லையாமே?

ஆமாம். ஈசாப் கதையிலும் பைபிளின் நீதிமொழிகளிலும் எறும்பு தானியம் சேர்க்கிறது, ஆனால் பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் இருந்தவர்கள் தங்கள் ஊர் எறும்புகளைத் தோண்டிப் பார்த்தார்கள், தானியம் இல்லை, எனவே பழையவர்கள் எறும்பின் கூட்டுப்புழுவைப் பார்த்துத் தானியம் என்று நினைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். பிரான்ஸ்-இத்தாலி எல்லையில் உள்ள மென்டோனில் உடல்நிலைக்காகக் குளிர்காலத்தைக் கழித்துவந்த ஜான் ட்ரெஹெர்ன் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் புற்றுகளைத் திறந்து விதைக் கிடங்குகளைக் காட்டி 1873-இல் புத்தகமாகவே போட்டார். அவர் பார்த்தவை அட்டா பார்பாரா, அட்டா ஸ்ட்ரக்டர், அதாவது இன்றைய மெஸ்ஸோர்கள்தான். ஈசாப் வாழ்ந்தது மெஸ்ஸோர் நாட்டில், மறுத்தவர்கள் வாழ்ந்தது மெஸ்ஸோர் இல்லாத நாட்டில், சண்டை அவ்வளவுதான்.

என் எறும்பை ஒருவர் ஸ்ட்ரக்டர் என்கிறார், இன்னொருவர் இபெரிகஸ் என்கிறார். யார் சொல்வது சரி?

போர்ச்சுகலிலிருந்து மத்திய ஆசியா வரை ஒரே எறும்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் ஸ்ட்ரக்டர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் ஷ்டைனரும் உடன் ஆய்வாளர்களும் உருவ அளவுகள், மரபணு, வாழும் இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அது ஐந்து சிற்றினம் என்று காட்டினார்கள்: ஸ்ட்ரக்டர், இபெரிகஸ், மூட்டிக்கஸ், மெக்கார்தரி, போன்டிகஸ். கடைசி இரண்டும் அப்போதுதான் பெயர் பெற்றன. ஸ்பெயின், போர்ச்சுகல் என்றால் இபெரிகஸ். கிழக்கு ஐரோப்பாவின் புல்வெளிகளில் மூட்டிக்கஸ், கருங்கடல் பக்கம் போன்டிகஸ். பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஸ்ட்ரக்டரும் இபெரிகஸும் கலந்து வருவதால் வேலைக்கார எறும்பின் படத்தை வைத்துப் பிரிக்கிறேன் என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு விலகிவிடுங்கள். 2018-க்கு முந்தைய கட்டுரைகளில் "ஸ்ட்ரக்டர்" என்று இருப்பது இந்த ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம்.

ஒரே ராணி இரண்டு இனங்களின் குட்டிகளைப் பெறுகிறது என்று 2025-இல் செய்தி வந்ததே, நிஜமா?

நிஜம், அதுவும் நாம் பேசிக்கொண்டிருக்கிற இபெரிகஸ்தான். 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்தது, மான்பெலியேயில் உள்ள ஜொனாதன் ரோமிகியேயின் குழு செய்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எறும்பில் பொதுவாகக் கருவுற்ற முட்டையிலிருந்து ராணியோ வேலைக்கார எறும்போ வரும், கருவுறாத முட்டையிலிருந்து ஆண் வரும். இபெரிகஸ் ராணி தன் இனத்து ஆணின் விந்தைப் பயன்படுத்தினால் பிறப்பது புதிய ராணிகள். வேலைக்கார எறும்பு வேண்டும் என்றால் ஸ்ட்ரக்டர் ஆணின் விந்து வேண்டும். எனவே இபெரிகஸ் புற்றில் நீங்கள் பார்க்கிற வேலைக்கார எறும்புகள் எல்லாம் கலப்பினம், தாய் இபெரிகஸ், தந்தை ஸ்ட்ரக்டர். இதுவரைக்கும் ஓரளவு தெரிந்த கதை, வேறு சில எறும்புகளிலும் இப்படி உண்டு.

விடுகதை என்னவென்றால், சிசிலியில் இபெரிகஸ் இருக்கிறது, ஆனால் தெரிந்தவரை மிக அருகிலுள்ள ஸ்ட்ரக்டர் புற்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அப்படியானால் விந்து எங்கிருந்து வருகிறது? பதில்: ராணியே ஸ்ட்ரக்டர் ஆண்களைப் பெற்றுக்கொள்கிறது. சேமித்து வைத்த ஸ்ட்ரக்டர் விந்து முட்டைக்குள் போகிறது, அந்த முட்டையின் உட்கருவில் தாயின் மரபணு இல்லாமல் போய்விடுகிறது, தந்தையின் நகலாக ஒரு ஆண் பிறக்கிறது. ஒரே புற்றில் முடி நிறைந்த இபெரிகஸ் ஆண்களும், ஏறக்குறைய முடியே இல்லாத ஸ்ட்ரக்டர் ஆண்களும், இரண்டுக்கும் ஒரே அம்மா! இந்த இரண்டு இனங்களும் பிரிந்து ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பாலெர்மோவில் ஈழத்தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே பூங்காவில் விதை தூக்கும் மங்கல் பழுப்பு எறும்பைப் பார்த்தால் அது இந்தக் கதையின் ஆளாகவே இருக்கக்கூடும், கொஞ்சம் நின்று பாருங்கள்.

அப்படியானால் டி.என்.ஏ. சோதனை செய்தால் முடிந்துபோகுமே?

எந்த டி.என்.ஏ. என்பதைப் பொறுத்தது. வழக்கமாக இனம் கண்டுபிடிக்கச் செய்கிற பார்கோடு சோதனை மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு துண்டைப் படிக்கிறது, அது தாயிடமிருந்து மட்டும் வருவது. மேலே சொன்ன ஸ்ட்ரக்டர் ஆணை அந்தச் சோதனைக்கு அனுப்பினால் "இபெரிகஸ்" என்று பதில் வரும், ஏனென்றால் அதன் உட்கருவில் உள்ள மரபணு ஸ்ட்ரக்டர், மைட்டோகாண்ட்ரியா இபெரிகஸ். வேலைக்கார எறும்பை அனுப்பினாலும் தாய்வழியை மட்டும் சொல்லும், கலப்பு என்பது தெரியவே தெரியாது. உட்கருவின் மரபணுவையும் படித்தால்தான் முழுக் கதை.

எனக்கு இதில் சங்கடமாகத் தோன்றுவது இதுதான்: எறும்புகளை அடையாளம் காணும் விசைப்பட்டியல்கள் எல்லாமே பெரும்பாலும் வேலைக்கார எறும்பை வைத்து எழுதப்பட்டவை. இபெரிகஸின் வேலைக்கார எறும்பு என்று நாம் அளந்து, முடி எண்ணி, படம் வரைந்து வைத்திருப்பது ஒரு கலப்பினத்தை. தூய இபெரிகஸைப் பார்க்க வேண்டுமென்றால் ராணியைத்தான் பார்க்க வேண்டும்.

பார்பாரஸும் இதில் முழுக்கத் தப்பவில்லை. அதற்குள்ளும் இரண்டு மரபுவழிகள் உள்ள இடங்கள் ஐபீரியாவில் உண்டு, ராணி இரண்டு வழி ஆண்களோடும் சேரும், வேலைக்கார எறும்புகள் இரண்டின் கலப்பு. 2016, 2017 ஆய்வுகளில் வெளிவந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்புத் தலைதான், எனவே பெயர் சொல்வதில் நமக்குச் சிக்கல் இல்லை.

கடிக்குமா? கொட்டுமா?

மேஜர் கடித்தால் சுருக்கென்று இருக்கும், தோலைப் பிடித்தால் விடாது. கொட்டுவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வயலில் இருந்தால் அழிக்க வேண்டுமா?

விதைத்த தானியத்தையும் அறுவடையையும் எடுப்பது உண்மை, புற்றைச் சுற்றி வட்டமாகப் பயிர் குறைந்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் வடகிழக்கு ஸ்பெயினின் மானாவாரித் தானிய வயல்களில் களை விதைகளைப் பெருமளவில் தின்று தீர்ப்பதும் இதே பார்பாரஸ்தான், உழாத நிலத்தில் இன்னும் அதிகம். ஆழ உழுதாலும் நீர் பாய்ச்சினாலும் தானாகக் குறைந்துவிடும். மருந்தடிக்க அவசரப்படுவதற்கு நான் காரணம் பார்க்கவில்லை.

பிரான்ஸின் லா குரோ சமவெளியில் கதை தலைகீழ். அங்கே 2009 ஆகஸ்டில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கொட்டியது, கெட்ட மண்ணை அகற்றி வேறு மண் போட்டார்கள், பிறகு புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர, பறப்பு முடிந்த பார்பாரஸ் ராணிகளைச் சேகரித்து அந்த நிலத்தில் குடியேற்றினார்கள். விதையைத் தூக்கிப் போகும் வழியில் சிந்துகிறது, குப்பையோடு சேர்த்து முளைக்கும் விதையையும் கொட்டுகிறது, மண்ணைப் புரட்டுகிறது, இதெல்லாம் புல்வெளிக்கு நல்லது. எந்த எறும்பு என்று சரியாகத் தெரிந்திருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது.

பெயர் கேட்பதற்கு எப்படிப் படம் எடுக்க வேண்டும்?

மேஜர், பக்கவாட்டில், இடுப்புக் கணுக்கள் தெரியும்படி ஒன்று. முகம் நேராக ஒன்று. மேலிருந்து ஒன்று. பக்கத்தில் ஒரு அளவுகோல், இல்லாவிட்டால் நாணயம். புற்று வாசலையும் எடுங்கள். ஊர், தேதி கட்டாயம், "ஐரோப்பாவில் பார்த்தேன்" என்று சொன்னால் எதுவும் செய்ய முடியாது. உறுதியாகத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நான்கைந்து வேலைக்கார எறும்புகளைச் சின்னதும் பெரியதுமாக எத்தனாலில் போட்டு, பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டையும் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை அதில் கரைந்துவிடும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

சிற்றினம் தெரியாவிட்டால் "மெஸ்ஸோர், ஸ்ட்ரக்டர் கூட்டம்" என்றோ வெறும் "மெஸ்ஸோர்" என்றோ எழுதுவதில் எந்தக் கேவலமும் இல்லை. தப்பான முழுப்பெயர் ஒரு பரவல் வரைபடத்தில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கிய ராணிக்கு "பார்பாரஸ்" என்று சீட்டு ஒட்டி வந்தது. நம்பலாமா?

எங்கே பிடித்தது என்று விற்றவரிடம் கேளுங்கள். எறும்பு வளர்ப்பவர்களிடம் மிகவும் புழங்குகிற இனம் இது, அதனால் பெயர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனாலும் முதல் மேஜர்கள் வந்து தலை சிவக்கிறதா என்று பார்க்கும்வரை நானாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைப்பேன். சிறு புற்றில் மேஜர் வரக் காலம் ஆகும், முதலில் பிறப்பவை எல்லாம் குட்டிக் கருப்பு எறும்புகள்தான். வேண்டாம் என்று ஆனால் வெளியே விட்டுவிடாதீர்கள், வேறு ஊரின் மரபுவழியை உள்ளூரில் கலந்துவிடுவீர்கள்.

நம் ஊரில் மெஸ்ஸோர் உண்டா?

தமிழ்நாட்டில் இல்லை. இந்தியாவில் வடமேற்கிலும் இமயமலைப் பக்கமும் சில உண்டு. தமிழ்நாட்டுத் தரையில் விதை சுமந்து, வாசலில் உமி கொட்டும் எறும்பைப் பார்த்தால் ட்ரைக்கோமிர்மெக்ஸ் ஸ்கேப்ரிசெப்ஸ் என்பதை முதலில் சந்தேகியுங்கள். அதுவும் மிர்மிசினேதான், அதிலும் பெரியதும் சிறியதுமாக வேலைக்கார எறும்புகள் உண்டு, ஆனால் மெஸ்ஸோரின் கூட்டத்தைச் சேர்ந்தது கிடையாது.